பழைய புல்லட்: எதற்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். வலது காலில் கியர் போடும் பழைய 'காஸ்ட் அயர்ன்' புல்லட் ஒன்று வாங்க வேண்டும் என்று பல வருட ஆசை. அதற்காக ஒன்றரை லட்சம் சேர்த்திருக்கிறேன். இதுவரை இரண்டு வண்டிகள் பார்த்தேன். முதலாவது 1984 மாடல். புதுப் பெயின்ட், புதுக் குரோம், ஷோரூமில் இருந்து வந்ததுபோல இருக்கிறது. புரோக்கர் 1,85,000 சொல்கிறார். "வின்டேஜ் வண்டி சார், விலை ஏறுமே தவிர இறங்காது" என்கிறார். ஆர்.சி. இறந்துபோன ஒருவர் பெயரில் இருக்கிறது. பெயர் மாற்றித் தருவது தன் பொறுப்பு என்கிறார். இரண்டாவது 1988 மாடல். பணி ஓய்வு பெற்ற ஒருவர் அவரே ஓட்டிக்கொண்டிருக்கிறார். பெயின்ட் மங்கிவிட்டது, இன்ஜினுக்குக் கீழே தரையில் ஆயில் கறை. 1,10,000 கேட்கிறார். நியாயமான விலையை எதை வைத்து முடிவு செய்வது? எந்த வண்டியை வாங்கலாம்? பதினைந்து வருடம் தாண்டிய வண்டியை ரோட்டில் ஓட்டவே கூடாது என்று சொல்கிறார்களே, அது உண்மையா?

பதில்: நல்ல வேளை, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே எழுதினீர்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெயின்டைப் பார்த்து மயங்கி, இன்ஜின் சத்தத்தைக் கேட்டு மகிழ்ந்து, கடைசியில்தான் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் பேப்பர், பிறகு இன்ஜினும் சேஸும், எல்லாவற்றுக்கும் கடைசியில் பெயின்ட். விலையைத் தீர்மானிப்பதும் இதே வரிசைதான்.

'வின்டேஜ்' என்றால் விலை கூடுமா?

சட்டப்படி இந்த இரண்டு வண்டிகளுமே வின்டேஜ் அல்ல. 2021-ல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். அப்படிப்பட்ட வண்டிக்கு நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு எண் தருவார்கள். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய் கட்டணம். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தப் பதிவில் உள்ள வண்டியை அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, வின்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டுக்கு எடுத்து வரலாம். பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போக விரும்பும் உங்களுக்கு அது பயன்படாது. ஆகவே புரோக்கர் சொல்லும் அந்தச் சொல்லுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

அபூர்வம் என்ற வாதமும் புல்லட்டுக்குச் செல்லாது. 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் ரெட்டிச் ஆலையிலிருந்து வந்த புல்லட்டை திருவொற்றியூரில் தயாரித்தார்கள். தாய் நிறுவனம் அங்கே மூடப்பட்ட பிறகும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. என்ற அந்த இன்ஜின் சிறுசிறு மாற்றங்களோடு இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு வரை வந்துகொண்டிருந்தது. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அமைந்த புது இன்ஜின் 2009 வாக்கில் வந்த பிறகுதான் பழையது விடைபெற்றது. ஆக, நாட்டில் காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்குப் பஞ்சம் இல்லை. சென்னை புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடினால் ஏறக்குறைய எல்லா உதிரி பாகமும் கிடைக்கும். தெரிந்த மெக்கானிக் இன்னமும் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்.

மற்ற பழைய பைக்குகளின் கதை வேறு. மைசூரில் தயாரான யெஸ்டியின் ஆலை 1996-லேயே மூடப்பட்டுவிட்டது. ராஜ்தூத் 350 சில ஆண்டுகள் மட்டுமே தயாரானது. அவற்றுக்குக் கேட்கும் விலையில் அபூர்வத்துக்கும் ஒரு பங்கு உண்டு. புல்லட்டில் அந்தப் பங்கு குறைவு. இது வாங்குகிறவருக்குச் சாதகம்: இந்த வண்டி தவறினால் அடுத்த மாதம் இன்னொன்று வரும். அந்த நிதானத்தோடு பேரம் பேசுங்கள்.

பதினைந்து வருடக் கணக்கு

உங்கள் பயத்துக்குக் காரணம் தில்லி தலைநகர்ப் பகுதியில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகள் மீது வந்த கட்டுப்பாடுகள். தமிழ்நாட்டில் அப்படி ஒட்டுமொத்தத் தடை கிடையாது. சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, படிவம் 25 கொடுத்து, பசுமை வரியும் கட்டி, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பேச்சு வழக்கில் இதைத்தான் எஃப்.சி. என்கிறோம்.

இதை நேரத்துக்குச் செய்யாத வண்டியில்தான் பணம் கரையும். 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, பைக்குக்குப் புதுப்பிக்கத் தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் 300 ரூபாய் கூடுதல் கட்டணம் உண்டு. பல வருடம் ஷெட்டில் கிடந்த வண்டிக்கு இது எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனவே ஆர்.சி. எந்தத் தேதி வரை செல்லும் என்பதைப் பார்த்து, காலாவதியாகி இருந்தால் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாருங்கள். அந்தத் தொகை விற்பவர் சொல்லும் விலையிலிருந்து கழிய வேண்டியது.

பேப்பரில் பார்க்க வேண்டியவை

உங்கள் இரண்டு வண்டிகளும் 1989-க்கு முந்தியவை. 'டி.என். 01' போன்ற இன்றைய பதிவு முறை வருவதற்கு முன்பு, மூன்றெழுத்து நம்பர் காலத்தில் பதிவானவை. அந்தக் கால ஆர்.சி. விவரங்கள் எல்லாம் கணினியில் ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது. எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் வண்டி போலி என்று அர்த்தம் அல்ல. பழைய பதிவேட்டைப் பார்த்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கணினியில் ஏற்ற வேண்டும். அது முடிந்த பிறகுதான் பெயர் மாற்றம் நடக்கும். அந்த வேலையை விற்பவரே முடித்துத் தரட்டும்.

அடுத்து, ஆர்.சி.யில் ஹெச்.பி. என்று ஏதாவது ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் நிற்கிறதா என்று பாருங்கள். கடன் முப்பது வருடத்துக்கு முன்பே அடைந்திருக்கும். ஆனால் படிவம் 35 கொடுத்து அதை நீக்காமல் விட்டிருப்பார்கள். அந்த ஃபைனான்ஸ் கம்பெனி இன்று இருக்கிறதோ இல்லையோ, யாரிடம் போய்த் தடையின்மைச் சான்று வாங்குவது? இந்த ஒரு வரிக்காக மாதக்கணக்கில் அலைபவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது உங்கள் 1984 வண்டிக்கு வருவோம். உரிமையாளர் இறந்துவிட்டால் வண்டி முதலில் வாரிசின் பெயருக்கு மாற வேண்டும். அதற்குப் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் தேவை. அப்படிப் பெயர் மாறிய வாரிசுதான் படிவம் 29-லும் 30-லும் கையெழுத்திட்டு உங்களுக்கு விற்க முடியும். இடையில் நிற்கும் புரோக்கர் இதைத் தன் பொறுப்பு என்று சொல்வதற்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. வாரிசுகளில் ஒருவர் 'எனக்குத் தெரியாமல் விற்றுவிட்டார்கள்' என்று வந்து நின்றால் வண்டியும் போகும், பணமும் போகும்.

யாரோ போட்ட கையெழுத்தோடு, பூர்த்தி செய்யாத படிவங்களைக் கையில் கொடுத்து 'எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்' என்பார்கள். வாங்காதீர்கள். இது விற்பவருக்கும் ஆபத்து. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 1988 வண்டி வைத்திருக்கும் பெரியவரிடம் இதை எடுத்துச் சொன்னால் அவரே முன்வந்து ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வருவார்.

பேப்பரில் இருக்கும் எண்களும் வண்டியில் இருக்கும் எண்களும் ஒன்றுதானா என்பது கடைசிச் சோதனை. சேஸ் நம்பர் ஹேண்டில்பார் பொருந்தும் கழுத்துப் பகுதியில் இருக்கும். இன்ஜின் நம்பர் சிலிண்டர் உட்காரும் இடத்துக்குக் கீழே கிராங்க்கேஸில் இருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். எழுத்துகள் ஏறி இறங்கி இருப்பது பெரிய விஷயம் அல்ல. பழைய வண்டிகளில் பஞ்ச் அப்படித்தான் விழுந்திருக்கும். எண்ணைச் சுற்றி அரம் தேய்த்த தடமோ, வெல்டிங் மேடோ, அந்த இடத்தில் மட்டும் கனமான பெயின்டோ இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள். அந்த வண்டிக்கு எந்த விலையும் நியாயமான விலை அல்ல.

இன்ஜின் என்ன சொல்கிறது?

காலையில் போங்கள். 'நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் சிலிண்டரில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அந்த வண்டி கிளம்ப மறுக்கிறது என்று சந்தேகப்படலாம்.

சாவியைப் போடாமல் கிக்கரை மெல்ல அழுத்துங்கள். ஒரு இடத்தில் அது காலை எதிர்த்து நிற்க வேண்டும். உடல் எடையை அதன் மேல் வைத்தால், சிறிது நேரம் தாங்கிவிட்டு மெதுவாக இறங்க வேண்டும். வைத்ததும் சடாரென்று இறங்கினால் கம்ப்ரஷன் இல்லை. ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கிறது. பிறகு டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்து, ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, முறையாக உதைத்துக் கிளப்பச் சொல்லுங்கள். நல்ல புல்லட் மூன்று நான்கு உதைக்குள் கிளம்பும்.

கிளம்பியதும் புகை வந்தால் உடனே பயப்படாதீர்கள். இந்த இன்ஜினில் ஆயில் டேங்க் கிராங்க்கேஸின் ஒரு பகுதியாகவே வார்க்கப்பட்டிருக்கிறது. நாள்கணக்கில் நிற்கும் வண்டியில் ஆயில் கசிந்து கிராங்க் சுழலும் அறைக்குள் சேர்ந்துவிடும். முதலில் வரும் புகை அந்த ஆயில் எரிவதுதான். சில நிமிடத்தில் அது நின்றுவிட வேண்டும். வண்டி சூடான பிறகும் நீலப்புகை நிற்கவில்லை என்றால் போர் வேலை காத்திருக்கிறது. இப்போது எந்த அளவு பிஸ்டன் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு முறை போர் அடிக்கும்போதும் சிலிண்டர் துளை பெரிதாகிறது; கடைசி அளவுக்கு வந்துவிட்ட சிலிண்டருக்கு ஸ்லீவ் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அடுத்தது ஆயில் ஓட்டம். இன்ஜினின் வெளியே, ராக்கர்களுக்கு ஆயில் கொண்டு போகும் மெல்லிய குழாய் மேலே ஹெட்டுக்குப் போகும். வண்டி ஐடிலில் ஓடும்போது, ஹெட்டில் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டை மெக்கானிக் ஒரு சுற்று தளர்த்தினால் ஆயில் கசிந்து வெளியே வர வேண்டும். வரவில்லை என்றால் ஆயில் பம்ப்பையோ வழித்தடத்தையோ சந்தேகிக்கலாம். அந்தக் கால புல்லட்டில் கனெக்டிங் ராடின் கீழ்முனையில் இருந்தது ரோலர் பேரிங் அல்ல, மிதக்கும் புஷ். ஆயில் இருக்கும்வரை அது வருடக்கணக்கில் உழைக்கும்; ஆயில் நின்றால் சீக்கிரமே போய்விடும். மேலே கேட்கும் டப்பெட் சத்தம் சரிசெய்யக்கூடியது. கீழே கிராங்க்கேஸிலிருந்து, ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது கனமாக 'டொக் டொக்' என்று வந்தால் இன்ஜினை முழுவதும் பிரித்துக் கிராங்க் வேலை பார்க்க வேண்டும். புல்லட்டில் மிகப் பெரிய செலவு அதுதான்.

தரையில் ஆயில் கறை என்று எழுதியிருந்தீர்கள். எங்கிருந்து ஒழுகுகிறது என்பதுதான் கேள்வி. இடப்பக்கம் இருக்கும் பிரைமரி செயின் மூடியை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த மூடியின் ரப்பர் சீல் காய்ந்தால் கசிவது சகஜம், செலவும் அற்பம். கிராங்க்கேஸின் இரண்டு பாதிகள் சேரும் கோட்டிலிருந்தோ, சிலிண்டர் அடியிலிருந்தோ ஒழுகினால் விலையில் கணிசமாகக் குறைக்கக் கேட்கலாம்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். வலது காலில் ஒன்றாம் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பிரேக் இடது காலில். பழக்கம் இல்லாவிட்டால் தெரிந்தவரை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்காருங்கள். கியர் விழுந்த பிறகு வெளியே துள்ளக் கூடாது. நேர் ரோட்டில் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. இழுத்தால் ஃபோர்க்கோ சேஸோ வளைந்திருக்கலாம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்திருந்தால் கையிலேயே தெரியும்.

பளபளப்பான 1984 வண்டிக்கு இன்னொரு சோதனை. சிறிய காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். டேங்க், மட்கார்டு முழுவதும் மெதுவாக நகர்த்துங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் தகரத்துக்கு மேல் பட்டி கனமாகப் பூசியிருக்கிறார்கள். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே துரு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த டேங்குகளின் தங்க நிறக் கோடுகள் ஆலையில் கையால் வரையப்பட்டவை. மறுபெயின்ட் அடித்தவர் அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், அந்த வண்டி இழந்த மதிப்பு திரும்பி வராது. மங்கிப் போன ஒரிஜினல் பெயின்டையே விரும்பி, அதற்கு அதிகம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

விலை போடும் கணக்கு

விளம்பரத்தில் இருப்பது கேட்கிற விலை. விற்ற விலை அல்ல. உங்கள் பகுதியில் புல்லட் வேலை பார்க்கும் மெக்கானிக்குகள் மூன்று நான்கு பேரிடம் போய், 'பேப்பர் சுத்தமாக, ஓடும் நிலையில் இருந்த வண்டி கடைசியாக எத்தனைக்குக் கைமாறியது?' என்று கேளுங்கள். அதுதான் அடிப்படை விலை. நீங்கள் பார்த்த வண்டியை அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவை மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி, அதிலிருந்து கழியுங்கள். மிச்சம் வருவதுதான் நியாயமான விலை.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். உங்கள் ஊரில் நல்ல வண்டி 1,30,000-க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 1988 வண்டிக்கு இரண்டு டயர், ஒயரிங், பிரைமரி சீல், க்ளட்ச் பிளேட், ஸ்ப்ராக்கெட் செட் எல்லாம் சேர்த்து 25,000 ஆகும் என்று மெக்கானிக் சொன்னால், அதன் விலை 1,05,000. அவர் கேட்பது 1,10,000. நேர்மையான விலைதான், கொஞ்சம் பேசினால் படிந்துவிடும்.

இதே கணக்கில் 1984 வண்டியின் பேப்பர் எல்லாம் சரியாகி, இன்ஜினும் சோதனையில் தேறினால்கூட அடிப்படை விலையோடு நல்ல பெயின்ட் வேலைக்கான ஒரு சிறு தொகைதான் கூடும். 1,85,000 வர வழியே இல்லை. பெயின்டுக்கும் குரோமுக்கும் விற்பவர் செய்த செலவு அவருடையது. அதை முழுவதும் வாங்குகிறவர் தலையில் கட்ட முடியாது.

உங்கள் ஒன்றரை லட்சத்தை முழுவதும் வண்டி விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். பழைய வண்டி எதுவாக இருந்தாலும் முதல் ஆண்டில் கைச்செலவு வைக்கும். இன்சூரன்ஸ், பெயர் மாற்றக் கட்டணம், இரண்டு முறை ஆயில் மாற்றுவது, எதிர்பாராத ஒரு பழுது ஆகியவற்றுக்காக 25,000 ரூபாயாவது ஒதுக்கி வையுங்கள்.

என் முடிவு

1984 வண்டி வேண்டாம். அந்த வண்டியின் மேல் மனம் போயே தீரும் என்றால், வாரிசின் பெயருக்கு ஆர்.சி. மாறிய பிறகு, அந்த வாரிசே நேரில் வந்து நிற்க, அடிப்படை விலைக்குப் பேசுங்கள். அதுவரை அட்வான்ஸ் என்று நூறு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

1988 வண்டியை வாங்குங்கள். தினமும் ஓடும் வண்டி, ஓட்டுகிறவரே உரிமையாளர். பழைய வண்டி வாங்க இதைவிட நல்ல இடம் அமையாது. ஆர்.சி. செல்லும் தேதி, ஹெச்.பி. பதிவு, இரண்டு நம்பர்கள் ஆகியவற்றைச் சரிபார்த்து, ஒரு மெக்கானிக்கோடு காலையில் போய்ச் சோதித்து, 1,05,000-லிருந்து பேசத் தொடங்குங்கள். ஒத்துவந்தால் இருவரும் சேர்ந்தே படிவங்களைக் கொடுத்துவிட்டு வாருங்கள். உள்மாநிலத்தில் விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அன்றே முடிப்பது இருவருக்கும் நல்லது.

பணத்தை இரண்டு தவணையாக, வங்கி வழியாகக் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கான ரசீது உங்கள் கைக்கு வந்த பிறகுதான் இரண்டாவது தவணை போக வேண்டும்.